இத்தாலியில் திருவிழா பார்க்கப் போறீங்களா? எந்த மாதம், எந்த ஊர்?

விமானச்சீட்டு எடுத்தாச்சு. ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று பட்டியலும் தயார். ஆனால் நீங்கள் போய்ச் சேருவதற்கு முதல்நாள்தான் அந்த ஊர்த் திருவிழா முடிந்தது என்றால்?

இத்தாலியின் பழைய திருவிழாக்கள் சுற்றுப்பயணிகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல. கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றி, ஊரைக் காப்பதாக நம்பப்படும் புனிதரின் நாள், பக்கத்துப் பேட்டையுடன் பல தலைமுறைப் போட்டி - இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

அந்தக் காரணம் தெரிந்தால் எப்போது போவது, எங்கே நிற்பது, எப்படி நடந்துகொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

குளிர்காலம்: முகமூடியா, ஆரஞ்சா?

பிப்ரவரி வாக்கில் வெனிஸ் கார்னிவல் களைகட்டும். முகமூடியும் பழங்கால உடையும் அணிந்தவர்களைச் சந்து பொந்தெல்லாம் பார்க்கலாம்.

1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்த பிறகு கார்னிவல் தடைசெய்யப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கொண்டாட்டம் 1979இல் மீண்டும் தொடங்கியது.

தேதிதான் சிக்கல். கார்னிவல் ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு முடியும். ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027இல் கடைசி நாள் பிப்ரவரி 9. 2028இல் பிப்ரவரி 29. போன வருஷம் நண்பர் போன தேதியை அப்படியே பின்பற்றினால் ஏமாந்துபோவீர்கள்!

கூட்டம் பிடிக்காதா? அதே கார்னிவலின் கடைசி 3 நாளில் வடக்கே இவ்ரியா என்ற சிறிய ஊரில் ஆரஞ்சுப் போர் நடக்கும். கொடுங்கோலனை எதிர்த்து எழுந்த மக்களின் கதை அது. குதிரை வண்டியில் இருப்போர் கொடுங்கோலனின் ஆட்கள்; தரையில் நிற்போர் மக்கள். இரு தரப்பும் ஆரஞ்சை வீசித் தாக்கிக்கொள்ளும். வேடிக்கை பார்ப்பவர்கள் வலைக்குப் பின்னால் நிற்கலாம். தலையில் சிவப்புத் தொப்பி இருந்தால் உங்கள்மீது எறிய மாட்டார்கள் என்பது வழக்கம். இருந்தாலும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்!

வசந்தகாலம்: வெடிக்கும் வண்டி

ஈஸ்டர் ஞாயிறு காலை. ஃபுளோரன்ஸ் தலைமைத் தேவாலயத்தின் முன்னால், வெள்ளை மாடுகள் இழுத்துவந்த உயரமான வண்டி நிற்கும். உள்ளே பலிபீடத்திலிருந்து புறா வடிவ ராக்கெட் ஒன்று கம்பி வழியே பாய்ந்துவந்து வண்டியில் உள்ள வாணத்தைப் பற்றவைக்கும்.

புறா சரியாகப் போய்த் திரும்பினால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. கட்டணம் இல்லை. ஆனால் சதுக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

கோடைக்காலம்: 90 விநாடிக்கு ஒரு வருடக் காத்திருப்பு

சியெனா நகரின் பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் நடக்கும். ஊரில் 17 பேட்டைகள். ஒரு பந்தயத்தில் 10 பேட்டைகளுக்கு மட்டுமே இடம். சேணம் இல்லாத குதிரையில் 3 சுற்று. சுமார் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வழியில் வீரர் கீழே விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான்.

பரிசு? ஓவியம் தீட்டிய ஒரு பட்டுக்கொடி. அதற்காகச் சிரிப்பார்கள், அழுவார்கள். பந்தய நாளில் குதிரையைத் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்று ஆசியும் பெறுவார்கள்.

சதுக்கத்தின் நடுவே நின்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வெயிலில் பல மணி நேரம் நிற்கவேண்டும். உள்ளே போய்விட்டால் பந்தயம் முடியும்வரை வெளியே வருவது கடினம், கழிப்பறையும் கிடையாது. அது முடியாதென்றால் முந்தைய நாள்களில் நடக்கும் ஒத்திகை ஓட்டங்களைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பந்தயத்தில் குதிரைகள் இறந்தது உண்டு. விலங்குநல அமைப்புகள் இதை எதிர்க்கின்றன. போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

ஜூலை மூன்றாம் வார இறுதியில் வெனிஸ் மீண்டும் விழாக்கோலம் பூணும். 1575 முதல் 1577 வரை பரவிய கொள்ளைநோயில் நகர மக்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் நீங்கினால் தேவாலயம் கட்டுவதாக நகரம் நேர்ந்துகொண்டது. அதுதான் ரெதென்தோரே தேவாலயம். இன்றும் அந்த வார இறுதியில் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். மக்கள் நடந்துசென்று வழிபடுவார்கள். சனிக்கிழமை இரவு, குடும்பம் குடும்பமாகப் படகில் அமர்ந்து சாப்பிட்டபடி வாணவேடிக்கையை ரசிப்பார்கள்.

பலெர்மோவில் தமிழ்க் குரலா?

ஆமாம். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜூலை 14 இரவு புனித ரொசாலியாவின் பெருவிழா. 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காப்பாற்றியவர் அவர் என்பது நம்பிக்கை. பிரம்மாண்டமான தேர் கடற்கரை நோக்கி நகரும்.

பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வசிக்கின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பெல்லெக்ரினோ மலையேறி அங்குள்ள குகைத் தேவாலயத்தில் ரொசாலியாவை வழிபடுகின்றனர். மலையேற்றத்துக்குப் பெயர்பெற்ற இரவு செப்டம்பர் 3. மறுநாள் அவரது திருநாள்.

இலையுதிர்காலம்: மூச்சைப் பிடித்து நிற்கும் நேப்பிள்ஸ்

செப்டம்பர் 19. நேப்பிள்ஸ் தேவாலயத்தில் புனித ஜென்னாரோவின் ரத்தம் என்று போற்றப்படும் குப்பியை வெளியே எடுப்பார்கள். உறைந்திருப்பது திரவமானால் நகருக்கு நல்லது; ஆகாவிட்டால் கெட்ட சகுனம் என்று பலர் அஞ்சுகின்றனர். அங்கே கூடுவோருக்கு அது வழிபாடு. கைத்தொலைபேசியைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள்.

சரி, புறப்படும் முன்?

- தேதியை நகராட்சி அல்லது விழா ஏற்பாட்டாளரின் இணையத்தளத்தில் சரிபாருங்கள்.

- தங்குமிடத்தைச் சில மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள். சியெனா போன்ற சிறிய ஊரில் கடைசி நேரத்தில் அறை கிடைப்பது சிரமம்.

- ஆகஸ்ட் 15 நாடு முழுவதும் பொது விடுமுறை. அந்த வாரத்தில் குடும்பத்தினர் நடத்தும் சிறிய கடைகள் பல மூடியிருக்கும்.

- வெனிசுக்குக் காலையில் வந்து மாலையில் திரும்புவோரிடம் 2024 முதல், குறிப்பிட்ட சில நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்கப்படுகிறது.

கடைசிக் குறிப்புக்கு ஒரு பின்னணி உண்டு. 1950களில் வெனிசின் பழைய நகரப் பகுதியில் சுமார் 175,000 பேர் வாழ்ந்தனர். இன்று 50,000க்கும் குறைவு. வீடுகள் பல, பயணிகளுக்கான வாடகை அறைகளாகிவிட்டன. ஊர்மக்களே இல்லாமல்போனால் அந்தப் பாலத்தில் யார் நடப்பது?

முடிந்தால் உரிமம் பெற்ற விடுதியில் ஓர் இரவாவது தங்குங்கள். மலிவான இறக்குமதி முகமூடிக்குப் பதில், காகிதக்கூழில் கையால் செய்ததை உள்ளூர்ப் பட்டறையில் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனா, அடுத்த தடவை நீங்க போகும்போதும் அந்தப் பட்டறை அங்கேயே இருக்கணுமே!