மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கான வேலைமணித் தகுதி (கனடா)

மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கான வேலைமணித் தகுதி என்பது, கனடாவின் நடுவண் அரசு நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் மகப்பேற்றுக் கொடுப்பனவையும் பெற்றோர் கொடுப்பனவையும் பெறுவதற்கு ஒருவர் முன்னதாக உழைத்திருக்க வேண்டிய மணிகளின் அளவு ஆகும். பொதுவாக 600 காப்புறுதிக்குரிய வேலைமணிகள் தேவைப்படுகின்றன. இவ்வளவு மணிகளைச் சேர்க்காதவர், காப்புறுதிக் கட்டணம் செலுத்தியிருந்தாலும் கொடுப்பனவைப் பெற இயலாது. ஆகவே பகுதிநேர வேலை செய்யும் பெண்களும், முதற் குழந்தைக்குப் பின் குறைந்த நேரத்துடன் வேலைக்குத் திரும்புவோரும் தம் வேலைநேரத்தை இவ்வெல்லையைக் கருதி அமைத்துக்கொள்வதுண்டு.

வரலாறு

கனடாவில் மகப்பேற்றுக் கொடுப்பனவு 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வேலையின்மைக் காப்புறுதியின் ஒரு பகுதியாக அறிமுகமானது. அதைப் பெற 20 வாரக் காப்புறுதி வேலை வேண்டும் என்பதோடு, பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்திய 30 ஆம் வாரத்திற்கும் 50 ஆம் வாரத்திற்கும் இடையில் குறைந்தது 10 வாரங்கள் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. கருவுற்ற பின்னர் கொடுப்பனவுக்காக மட்டும் வேலையில் சேர்வதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

இவ்விதியால் மகப்பேற்றுக் கொடுப்பனவை இழந்த ஸ்டெல்லா பிளிஸ் என்பவர், வழமையான வேலையின்மைக் கொடுப்பனவும் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1978 இல் கனடா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருவுற்றோரை வேறுபடுத்துவது பாலினப் பாகுபாடு ஆகாது என்ற அக்கருத்தை, 1989 இல் புரூக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் கைவிட்டது. பத்து வார விதி அதற்கு முன்னரே 1980களில் நீக்கப்பட்டிருந்தது. பெற்றோர் கொடுப்பனவு 1990 இல் சேர்க்கப்பட்டது.

1997 முதல் வாரக் கணக்கு நீக்கப்பட்டு மணிக்கணக்கு நடைமுறைக்கு வந்தது. முன்னைய 20 வாரங்கள் வாரத்திற்கு 35 மணி என்று கொள்ளப்பட்டு 700 மணிகளாக மாற்றப்பட்டன. பழைய முறையில் வாரம் 15 மணி வேலை செய்தவர் 20 வாரங்களில், அதாவது 300 மணிகளில், தகுதி பெற்றார். புதிய முறையில் அவருக்கு ஏறத்தாழ 47 வாரங்கள் தேவைப்பட்டன. மறுபுறம், முன்னர் காப்புறுதிக்கு வெளியே இருந்த மிகக் குறுகிய நேர வேலைகளும் முதல் மணியிலிருந்தே கணக்கில் சேர்ந்தன.

700 மணிகளுக்கு 33 மணிகள் குறைந்ததால் கொடுப்பனவை இழந்த மனிட்டோபாவைச் சேர்ந்த பகுதிநேரச் செவிலியர் ஒருவரின் வழக்கு, லெசியுக் வழக்கு என அறியப்படுகிறது. 2001 இல் நடுவர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2003 இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இதற்கிடையில், 2000 ஆம் ஆண்டின் இறுதியில் தேவை 600 மணிகளாகக் குறைக்கப்பட்டிருந்தது. அவர் உழைத்த 667 மணிகள் புதிய எல்லைக்குப் போதுமானவை.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகத் தளர்வுகள் அளிக்கப்பட்டன. 2021 செப்டெம்பர் முதல் 2022 செப்டெம்பர் வரை 420 மணிகள் போதுமானவையாக இருந்தன. அதன் பின் 600 மணி விதி மீண்டது.

தகுதிக் காலம்

600 மணிகளும் தகுதிக் காலத்திற்குள் உழைக்கப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு முந்திய 52 வாரங்கள், அல்லது முந்திய கொடுப்பனவுக் காலம் தொடங்கிய நாள் முதலான காலம், ஆகிய இரண்டில் குறுகியதே தகுதிக் காலம் ஆகும். நோய் அல்லது கருவுற்ற நிலை காரணமாக வேலை செய்ய இயலாதிருந்த வாரங்களுக்காக இதை நீட்டிக்க இடமுண்டு. ஆனால் கொடுப்பனவு பெற்ற வாரங்கள் இந்நீட்டிப்பில் சேர்வதில்லை.

இதனுடன், பேற்றின் காரணமாக வழமையான வாரச் சம்பளம் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கவும் வேண்டும்.

மணிகளைக் கணக்கிடல்

* பல இடங்களில் வேலை செய்பவரின் மணிகள் அனைத்தும் ஒன்றாகக் கூட்டப்படும்.
* மேலதிக நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் வழங்கப்பட்டாலும் ஒரு மணி ஒரு மணியாகவே எண்ணப்படும்.
* சம்பளத்துடன் கூடிய விடுமுறையின் மணிகள் சேரும். சம்பளமற்ற விடுப்பின் மணிகள் சேரா.
* வேலையை விடும்போது மொத்தமாகத் தரப்படும் விடுமுறைப் பணத்திற்கு மணிகள் இல்லை.

தொழில் வழங்குநர் அளிக்கும் வேலைப் பதிவுச் சான்றில் மணிகளின் எண்ணிக்கை இருக்கும். அதில் கருத்து வேறுபாடு எழுந்தால் கனடா வருவாய் முகமையிடம் முடிவு கோரலாம். உழைக்காத மணிகளைச் சான்றில் சேர்ப்பது தண்டனைக்குரியது. உறவினரிடம் செய்யும் வேலை, பிறருக்கு வழங்கப்படும் அதே நிபந்தனைகளில் அமைந்திருந்தால் மட்டுமே காப்புறுதிக்குரியதாகக் கொள்ளப்படும்.

வேலைநேரத்தை அமைத்தல்

வாரந்தோறும் உழைக்கும் நேரத்திற்கு ஏற்ப 600 மணிகளைச் சேர்க்கத் தேவையான காலம் பின்வருமாறு:

* வாரம் 35 மணி – 18 வாரங்கள்
* வாரம் 20 மணி – 30 வாரங்கள்
* வாரம் 15 மணி – 40 வாரங்கள்
* வாரம் 12 மணி – 50 வாரங்கள்

வாரம் 11 மணி வேலை செய்பவர் 52 வாரங்களில் 572 மணிகளையே அடைவார். எனவே தகுதி பெறமாட்டார். அவர் வாரத்திற்கு ஒரு மணி கூடுதலாக வேலை செய்தால் அவ்வாண்டில் 624 மணிகள் சேரும்.

இரண்டாம் குழந்தையின்போதே இச்சிக்கல் மிகுதியாகத் தோன்றுகிறது. முதற் குழந்தைக்காக ஓராண்டு விடுப்பில் இருந்த ஒருவர், வேலைக்குத் திரும்பி 26 வாரங்களில் மீண்டும் மகப்பேற்று விடுப்பில் செல்வதாயின், அந்த 26 வாரங்களில் சராசரியாக வாரம் 23 மணிக்குச் சற்று மேல் உழைத்திருக்க வேண்டும். கைக்குழந்தையை முன்னிட்டு வாரம் 20 மணிக்கு ஒப்புக்கொண்டவர் 520 மணிகளையே சேர்த்திருப்பார். விடுப்பின்போது இடையிடையே செய்யும் காப்புறுதிக்குரிய வேலையின் மணிகளும் அடுத்த தகுதிக்கு எண்ணப்படுகின்றன. 2018 ஆகஸ்ட் முதல், இவ்வாறு உழைக்கும் மகப்பேற்றுக் கொடுப்பனவு பெறுநரின் ஒவ்வொரு டொலர் சம்பளத்திற்கும் ஒரு வரம்பு வரை 50 சதம் மட்டுமே கொடுப்பனவிலிருந்து கழிக்கப்படுகிறது.

கொடுப்பனவின் தொகை

மகப்பேற்றுக் கொடுப்பனவு 15 வாரங்கள் வரை வழங்கப்படுகிறது. வழமையான பெற்றோர் கொடுப்பனவு, பெற்றோர் இருவரும் பகிர்ந்தால் 40 வாரங்கள் வரையும், ஒருவருக்கு 35 வாரங்கள் வரையும் கிடைக்கும். தொகை சராசரி வாரச் சம்பளத்தின் 55 விழுக்காடு ஆகும். நீட்டிக்கப்பட்ட பெற்றோர் கொடுப்பனவில் இது 33 விழுக்காடாகக் குறைகிறது. 2025 இல் 55 விழுக்காட்டு வீதத்திற்கான உச்ச வரம்பு வாரம் 695 டொலர்.

சராசரியைக் கணக்கிட, தகுதிக் காலத்தில் மிகுந்த சம்பளம் பெற்ற 14 முதல் 22 வாரங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வாரங்களின் எண்ணிக்கை வாழும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது. எனவே முழுநேரம் உழைத்த ஒருவர் பேற்றுக்கு முந்திய சில மாதங்களில் மட்டும் நேரத்தைக் குறைப்பது பெரும்பாலும் தொகையைப் பாதிப்பதில்லை. ஆண்டு முழுவதும் பகுதிநேரமாக உழைத்தவரின் தொகை அப்பகுதிநேரச் சம்பளத்தைக் கொண்டே அமையும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 20 டொலர் பெறுபவர் வாரம் 35 மணி உழைத்திருந்தால் 385 டொலரும், 20 மணி உழைத்திருந்தால் 220 டொலரும் பெறுவார்.

விடுப்பு உரிமை

கொடுப்பனவு வேறு, விடுப்பு உரிமை வேறு. விடுப்பின் பின் அதே வேலைக்குத் திரும்பும் உரிமை பெரும்பாலும் மாகாணச் சட்டங்களைச் சார்ந்தது. ஒன்ராறியோவில், பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்குக் குறைந்தது 13 வாரங்களுக்கு முன் வேலைக்கு அமர்த்தப்பட்டவர், முழுநேரமாயினும் பகுதிநேரமாயினும், விடுப்புக்கு உரித்துடையவர். ஆகவே ஒருவர் விடுப்பு உரிமை இருந்தும் வருமானமின்றி வீட்டிலிருக்கும் நிலை ஏற்படலாம்.

கியூபெக்

கியூபெக் மாகாணம் 2006 சனவரி முதல் தனக்கெனத் தனித் திட்டத்தை நடத்துகிறது. அங்கு மணிகள் எண்ணப்படுவதில்லை. குறைந்தது 2,000 டொலர் காப்புறுதிக்குரிய வருமானம் இருந்தால் போதும். இதனால் பிற மாகாணங்களில் தகுதி பெறாத பகுதிநேரத் தொழிலாளர் பலர் அங்கு தகுதி பெறுகின்றனர்.

விமர்சனங்கள்

தம் வேலைநேரத்தைத் தாமே முடிவு செய்ய இயலாத கடை, உணவகம், துப்புரவு, பராமரிப்புத் தொழிலாளரையே மணி எல்லை மிகுதியாகப் பாதிக்கிறது என்பது முதன்மையான விமர்சனம். தொழில் வழங்குநர் வேலைநேர அட்டவணையில் சில மணிகளைக் குறைத்தாலே ஓராண்டுக் கொடுப்பனவு முழுவதும் கைநழுவக்கூடும். 599 மணிகள் உழைத்தவருக்குப் பகுதித் தொகை எதுவும் இல்லை. எல்லையை ஆதரிப்போர், காப்புறுதி என்பது வேலைச் சந்தையுடன் நிலையான தொடர்பு உடையோருக்கானது என்கின்றனர். எவ்வளவு உழைப்பை நிலையான தொடர்பாகக் கொள்வது என்பதிலேயே இரு தரப்பினரும் வேறுபடுகின்றனர்.