பெரிய திருமடல்

பெரிய திருமடல், திருமங்கையாழ்வார் (8ஆம் நூற்றாண்டு) கலிவெண்பாவில் இயற்றிய மடல் இலக்கியம். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் இயற்பாவில் இடம்பெறுகிறது. இவரது சிறிய திருமடல் இதன் இணைநூல்.

மரபு: காதல் கைகூடாத தலைவன், பனைமடலால் செய்த குதிரையில் எருக்கமாலை சூடி ஊரார் முன் வருவது மடலேறுதல். மடலின் கருக்கு உடலைக் கிழிக்கும், நாணமும் அழியும். தொல்காப்பியம் ஏறிய மடல்திறத்தைப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைக்கிறது. பெண் மடலேறுவதை விலக்குகிறது. குறுந்தொகை, நற்றிணை, கலித்தொகை ஆகியவற்றில் மடற்பாடல்கள் உள்ளன.

பொருள்: திருமால் மீது காதல்கொண்ட தலைவியின் கூற்றாக நூல் அமைந்துள்ளது. உறக்கமிழந்து, தென்றலும் நிலவும் வருத்த, நம்பிக்கை தளர்ந்த அவள் தமிழ் மரபின் தடையை ஏற்க மறுத்து, வடமொழி மரபான வடநெறியைச் சான்றாக்கி மடலேறத் துணிகிறாள். இறைவன் செயல்களை ஊரறியத் தூற்றுவதாகவும் அச்சுறுத்துகிறாள். சீதை, உலூபி, உஷை முதலியோரின் காதல் எடுத்துக்காட்டாகிறது. உறுதிப்பொருள்களுள் இன்பமே முதன்மை பெறுகிறது.

காஞ்சிபுரத் தொடர்பு: தலைவி முறையிடும் தலங்களுள் கச்சி எனும் காஞ்சியின் வேளுக்கை, பாடகம், வெஃகா, ஊரகம், அட்டபுயகரம் ஆகியன அடங்கும். ஊரகம் சிறிய திருமடலிலும் இடம்பெறுகிறது. மடல்களுக்கு அப்பால், காஞ்சியின் பரமேச்சுர விண்ணகரக் கோயிலுக்கு இவ்வாழ்வார் பாடிய பதிகம் பல்லவ மன்னனைப் புகழ்கிறது.

சிறப்பு: ஆண்பாற்குரிய மடல் துறையைப் பெண் கூற்றாக்கி, அழிவை நோக்கும் வேட்கையைப் பக்தியின் உச்சநிலையாக மாற்றியது இந்நூலின் தனித்தன்மை. இரு மடல்களுக்கும் பெரியவாச்சான் பிள்ளை மணிப்பிரவாள நடையில் உரை எழுதியுள்ளார்.