நேட்டை மன்னித்தது யார்? 'டெட் லாசோ' பாத்திரங்களும் பார்வையாளர்களின் வழக்கும்

'டெட் லாசோ' தொடரின் மூன்றாவது சீசன் 2023 மே 31ஆம் திகதி நிறைவடைந்தது. அதைப் பார்த்த இருவர் இன்றும் சந்தித்துக்கொண்டால் பேச்சு உதைபந்தாட்டத்தில் தொடங்குவதில்லை. நேட் செய்தது துரோகமா, அவனை அவ்வளவு சுலபமாக மன்னித்தது சரியா, கீலியை ஏன் அப்படி ஓரங்கட்டினார்கள் என்றுதான் தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த வட்டத்தில் இந்த வாதங்கள் சில நேரங்களில் குடும்பச் சண்டை அளவுக்குச் சூடாகியிருக்கின்றன. ஒரு நகைச்சுவைத் தொடர் இத்தனை கோபத்தை ஏன் கிளப்ப வேண்டும் என்ற கேள்வியே இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டெட் லாசோ என்ற பாத்திரம் முதலில் ஒரு விளம்பரத்துக்காகப் பிறந்தது. 2013இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி இங்கிலாந்துப் பிரீமியர் லீக் போட்டிகளை ஒளிபரப்பத் தொடங்கியபோது, உதைபந்தாட்டம் பற்றி எதுவுமே தெரியாத அமெரிக்கப் பயிற்றுநராக ஜேசன் சுடெய்கிஸ் அதில் நடித்தார். அந்தப் பாத்திரத்தை வைத்து சுடெய்கிஸ், பில் லோரன்ஸ், பிரெண்டன் ஹன்ட், ஜோ கெலி ஆகியோர் உருவாக்கிய தொடர் 2020 ஓகஸ்ட் 14 அன்று அப்பிள் டிவி பிளஸ்ஸில் வெளியானது. லண்டனின் ஏஎஃப்சி ரிச்மண்ட் என்ற கற்பனைக் கழகம், விவாகரத்தில் ரெபெக்கா வெல்டன் கைக்கு வருகிறது. முன்னாள் கணவர் ரூபர்ட் உயிராக நேசித்த கழகத்தைச் சீரழிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் டெட்டை வேலைக்கு அமர்த்துகிறார். மூன்று சீசன்கள், 34 அத்தியாயங்கள். 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எமி விருதை வென்றது.

முதல் சீசன் பற்றிப் பெரிய சண்டை எதுவும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் முடங்கியிருந்தவர்களுக்கு அது மருந்து போல வந்தது என்பார்கள். மூன்றாவது சீசனில்தான் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பலர் சொல்வது போல இது நல்ல முடிவு, கெட்ட முடிவு என்ற பிரிவினை என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதன் மாறும்போது அந்த மாற்றத்தின் உழைப்பைக் கண்ணால் பார்த்தோமா, அல்லது மாறிவிட்டான் என்ற செய்தி மட்டும் நமக்கு அறிவிக்கப்பட்டதா என்பதில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

நேட்டிலிருந்து தொடங்குவோம், வழக்கின் பிரதான எதிரி அவன்தானே. நேதன் ஷெலி, வீரர்களின் சீருடைகளையும் சப்பாத்துகளையும் கவனிக்கும் உதவியாளனாக அறிமுகமாகிறான். முதல் நாளில் டெட் அவன் பெயரைக் கேட்கிறார். தன் பெயரை ஒருவர் கேட்பதே அவனுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எவர்ட்டனுக்கு எதிரான போட்டிக்கு முன்னர், உடைமாற்றும் அறையில் ஒவ்வொரு வீரனின் குறையையும் அவன் முகத்துக்கு நேரே புட்டுப்புட்டு வைக்கிறான். அணி வெல்கிறது. சீசன் முடிவில் அவனுக்குப் பயிற்றுநர் பதவி கிடைக்கிறது. இந்த இடம்வரை நேட்டை நேசிக்காத பார்வையாளர் இல்லை.

இரண்டாவது சீசனில் அதே நேட், தன் பழைய வேலைக்கு வந்த இளைஞன் வில்லை மிரட்டுகிறான், கொலினை எல்லோர் முன்னும் அவமானப்படுத்துகிறான், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் மீதே துப்புகிறான். டெட்டுக்குத் திடீர்ப் பீதியால் மூச்சுமுட்டும் சிக்கல் இருப்பதைப் பத்திரிகையாளர் ட்ரென்ட் கிரிமிடம் காட்டிக்கொடுக்கிறான். சுவரில் ஒட்டியிருந்த 'நம்பு' என்ற மஞ்சள் தாளைக் கிழித்துப்போடுகிறான். கடைசிக் காட்சியில் நரைத்த தலையுடன், ரூபர்ட்டின் வெஸ்ட் ஹாம் அணியின் உடையில் நிற்கிறான்.

ஒரு தரப்பினர் இதை நம்பவே மறுத்தார்கள். இவ்வளவு சாதுவான பையன் எப்படி இப்படியானான், கதைக்கு வில்லன் தேவைப்பட்டதால் வலிந்து செய்துவிட்டார்கள் என்றார்கள். மாநிறத் தோலுடைய ஒருவனைத் தேர்ந்தெடுத்தா துரோகியாக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. மற்றத் தரப்பினர் முதல் சீசனைத் திரும்பப் பார்த்து ஆதாரங்களோடு வந்தார்கள். லிவர்பூல் ஹோட்டலில் தன் குறிப்புகளைக் கதவுக்கு அடியால் தள்ளிய நேட்டைப் பார்த்து டெட் கத்தியதை எடுத்துக்காட்டினார்கள். தன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று தவறாக எண்ணிய நேட், அடுத்த கணமே ரெபெக்கா மீது கொட்டிய கடுஞ்சொற்களை எடுத்துக்காட்டினார்கள். விதை அங்கேயே இருந்தது என்பது அவர்கள் வாதம். நேட்டாக நடித்த நிக் மொஹமட்டும் இரண்டாவது சீசன் முடிந்ததும் தன் பாத்திரத்தின் பாதையை விளக்கிச் சமூக ஊடகத்தில் எழுதினார்.

பார்வையாளர்கள் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புகைப்படம். இறுதி அத்தியாயத்தில் நேட் டெட்டிடம் வெடிக்கிறான். நத்தாருக்கு நான் தந்த படத்தை உங்கள் அலுவலகத்தில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறான். டெட் பதில் சொல்வதில்லை. அந்தப் படம் டெட்டின் வீட்டில், அவருடைய மகன் ஹென்றியின் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது இன்னொரு காட்சியில் தெரிகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, கமெராவும் அங்கே நின்று சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டாவது சீசனில் நேட்டின் வீழ்ச்சியை நான் நம்புவதற்கு இது போன்ற கவனம்தான் காரணம். புறக்கணிக்கப்பட்டதாக நினைப்பவனுக்கு அன்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

ஆனால், மீட்சி? மூன்றாவது சீசனில் 'டேஸ்ட் ஒஃப் ஏதன்ஸ்' உணவகத்தில் பணிபுரியும் ஜேடுடன் நேட்டுக்குக் காதல் மலர்கிறது. ரூபர்ட் அவனை ஒரு மதுச்சாலைக்கு அழைத்து, வேறு பெண்களோடு பொழுதைக் கழிக்கத் தூண்டுகிறார். அவன் மறுத்து வீடு திரும்புகிறான். அடுத்த அத்தியாயத்தில் அவன் வெஸ்ட் ஹாமில் இல்லை. அவன் விலகிய அந்தத் தருணம் திரையில் இல்லை, செய்தியாகவே நமக்கு வந்து சேர்கிறது. பிறகு பெற்றோர் வீட்டில் வயலின், கண்டிப்பான தந்தையின் மனந்திறந்த பேச்சு, பியர்டின் மன்னிப்பு, கடைசியில் டெட்டிடம் கண்ணீருடன் ஒரு வருத்தம். முதல் சீசனின் அத்தியாயங்கள் அரை மணிநேரம் அளவில் ஓடின. மூன்றாவது சீசனின் பல அத்தியாயங்கள் முக்கால் மணிநேரத்தைத் தாண்டின, இறுதி அத்தியாயம் ஒரு மணிநேரத்துக்கும் மேல். இவ்வளவு நேரம் கையில் இருந்தும், ரூபர்ட்டின் முன்னால் நின்று நேட் வேண்டாம் என்று சொல்லும் ஒரு காட்சிக்கு மட்டும் இடமில்லை. ரசிகர்களின் கோபம் நியாயமானது என்றே சொல்வேன். நேட்டை மன்னித்ததில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மன்னிக்கும் வேலையில் தங்களுக்குப் பங்கு தரப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதற்கு நேரெதிர் ஜேமி டார்ட். மூன்று சீசன்களிலும் சிறந்த பாத்திர வளர்ச்சி யாருடையது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பெயர் அவனுடையதே. நானும் அதே கட்சி. முதல் சீசனில் மன்செஸ்டர் சிட்டியிலிருந்து இரவலாக வந்த கர்வக்காரன் அவன். நேட்டைச் சீண்டிய கூட்டத்தின் தலைவனும் அவன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீசன் முடிவில், சிட்டிக்குத் திரும்பிவிட்ட அவன் தானே அடிக்காமல் சக வீரனுக்குக் கொடுத்த ஒரு பந்துதான் ரிச்மண்ட்டைத் தரமிறக்குகிறது. அப்படிப் பந்தைக் கொடுத்ததற்காகத் தந்தை அவனைத் திட்டுகிறார். தோற்றுப்போன டெட்டோ அதே செயலைப் பாராட்டிக் குறிப்பு அனுப்புகிறார்.

அதன் பிறகு அவன் மாறுவதை நாம் படிப்படியாகப் பார்க்கிறோம். திரும்பி வந்தவனை அணி ஏற்க மறுக்கிறது. எண்ணெய் நிறுவனத்துடன் தொடர்புடைய அனுசரணையாளரை எதிர்த்து சாம் ஒபிசான்யா சீருடையில் கறுப்பு நாடாவை ஒட்டும்போது ஜேமியும் ஒட்டுகிறான். அங்கேதான் வாசல் சற்றுத் திறக்கிறது. வெம்ப்ளியில் சிட்டியிடம் படுதோல்வி அடைந்த நாளில், உடைமாற்றும் அறைக்குள் வந்து கேவலப்படுத்தும் தந்தையை அவன் குத்துகிறான். ஒருவரும் அசையவில்லை. அவனை அதிகம் வெறுத்த ரோய் கென்ட் நடந்துவந்து கட்டியணைக்கிறார். வசனமே இல்லாத அந்தச் சில விநாடிகளைத் தொடரின் உச்சம் என்று சொல்பவர்கள் பலர். மூன்றாவது சீசனில் அதிகாலை நான்கு மணிக்கு ரோயிடம் பயிற்சி, அம்ஸ்டர்டாமில் ரோய்க்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது, தன் கோல்களை விட்டுக்கொடுத்து அணியை இயக்குபவனாக மாறுவது எல்லாமே நம் கண்முன் நடக்கின்றன. அவனாக நடித்த ஃபில் டன்ஸ்டருக்கு 2023இல் எமி பரிந்துரை கிடைத்தது.

ஜேமியின் கதையிலும் ஒரு பிளவு உண்டு. தந்தையை மன்னிக்கும்படி, அதுவும் தந்தைக்காக அல்ல, உனக்காக மன்னித்துவிடு என்று டெட் சொல்கிறார். கடைசித் தொகுப்புக் காட்சியில் மறுவாழ்வு நிலையத்தில் இருக்கும் தந்தையை ஜேமி சந்திக்கிறான். அடித்து வளர்த்த பெற்றோருடன் ஒட்டுறவை முறித்துக்கொண்டு நிம்மதி கண்ட பார்வையாளர்களுக்கு இது கசந்தது. அந்தக் கசப்பைத் தள்ளிவிட முடியாது. குடும்பம் என்றால் எப்படியும் சேர வேண்டும் என்ற எண்ணம் நேட்டின் தந்தை, ஜேமியின் தந்தை இருவர் விடயத்திலும் ஒரே சீசனில் ஒரே முடிவைத் தருவது எனக்கும் உறுத்தியது.

மன்னிப்புக் கேட்பதை இந்தத் தொடரே ஒருமுறை மிகச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறது. முதல் சீசனின் ஒன்பதாவது அத்தியாயத்தில், உங்களை நான் வேலைக்கு எடுத்ததே தோற்கடிக்கத்தான் என்று ரெபெக்கா டெட்டிடம் ஒப்புக்கொள்கிறார். டெட் உடனே மன்னிக்கிறார். அது ஏன் இலகுவாகத் தெரியவில்லை? அதற்கு முந்தைய எட்டு அத்தியாயங்களும் அந்த ஒப்புதலின் பாரத்தை ரெபெக்காவின் முகத்தில் நாம் பார்த்திருந்தோம். ஹன்னா வொடிங்ஹமுக்கு 2021இல் எமி கிடைத்தது சும்மா அல்ல. பின்னைய சீசன்களில் அவருடைய கதை தடுமாறியது உண்மை. கழக உரிமையாளர், தன்னிடம் ஆடும் இளம் வீரன் சாமைக் காதலிப்பதைச் சிலரால் இரசிக்கவே முடியவில்லை. சோதிடக்காரி சொன்னதெல்லாம் பலிப்பதும் அப்படித்தான். ஆனாலும் பணக்காரர்களின் தனி லீக்கை அவர் நிராகரிப்பதும், இறுதியில் கழகத்தின் 49 வீதப் பங்கை ரசிகர்களுக்கே விற்பதும் அந்தக் கதைக்குத் தகுந்த இடத்தில் வந்து நின்றன.

கீலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சொந்த நிறுவனம் தொடங்கியதும் அவள் கழகத்தின் வாசலை விட்டே போய்விட்டாள். புதிய அலுவலகம், புதிய முகங்கள், முதலீட்டாளர் ஜக்குடன் ஓர் உறவு, எதுவும் மையக் கதையைத் தொடவில்லை. ரோயும் அவளும் பிரிந்தது இரண்டு சீசன்களுக்கு நடுவில் நடந்துவிடுகிறது. இரண்டு வருடங்கள் அந்தச் சோடியை நேசித்தவர்களுக்கு ஏன் பிரிந்தார்கள் என்ற விளக்கம் அரைகுறையாகவே கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் ரோயும் ஜேமியும் அவளுக்காகக் கைகலந்துவிட்டு, நீயே தெரிவு செய் என்று அவள் வீட்டுக்கு வருகிறார்கள். இருவரையும் அவள் வெளியே அனுப்பிவிடுகிறாள். இருவரின் வளர்ச்சியையும் பின்னுக்கு இழுத்த காட்சி என்று திட்டியவர்கள் அநேகர். எனக்கோ அந்தச் சீசனில் கீலி கீலியாக இருந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

டெட்? அவர் கன்சாஸுக்குத் திரும்புவதை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். மகனிடம் போவதைத் தவிர வேறு முடிவு கிடையாது, தன் தந்தை தற்கொலை செய்துகொண்ட வலியைச் சுமந்தவர் தன் மகனை விட்டு விலகியிருக்க முடியாது என்பது ஒன்று. லண்டனில் அவர் கட்டியெழுப்பிய குடும்பத்தை விட்டுப் போகிறாரே என்பது மற்றது. டெட்டும் ரெபெக்காவும் இணைய வேண்டும் என்று ஒரு பெரும் ரசிகர் கூட்டம் காத்திருந்தது. இறுதி அத்தியாயம் காலை நேரத்தில் ரெபெக்காவின் சமையலறையில் இருவரையும் காட்டித் தொடங்கி, அடுத்த நிமிடமே பியர்டையும் ஜேனையும் உள்ளே கொண்டுவந்து அந்தக் கூட்டத்தை ஏமாற்றியது. அந்தக் குறும்பை இன்னும் மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது சீசன் வரும் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இம்முறை டெட் பெண்கள் அணி ஒன்றைப் பயிற்றுவிப்பார் என்றார்கள். அறிவிப்பு வந்த அன்றே என் நண்பர்களிடையே பழைய வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது. ஒருவர் கீலிக்கு இப்போதாவது நியாயம் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் முடிந்த கதையைத் தோண்ட வேண்டாம் என்றார். நான் கேட்டது நேட்டைப் பற்றி. கழகத்துக்குத் திரும்பி வரும்போது, ஒரு காலத்தில் தான் மிரட்டிய வில்லுக்கே உதவியாளனாக, தொடங்கிய அதே சப்பாத்து அறையில் இருக்கிறான். அங்கிருந்து அவன் எப்படி எழுந்தான் என்பதை யாராவது எங்களுக்குக் காட்ட வேண்டும்.