ஊசிக்கு ஒரு புத்தகம்

மலரில் பொறியியல்காரன் பூத்தையலைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். இதில் நம் தொழில் சமாச்சாரமும் இருக்கிறது.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் அச்சு இயந்திரம் வந்து வேதநூலையும் சட்டநூலையும் அச்சிட்டது நமக்குத் தெரியும். 1523-24 வாக்கில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் என்பவர் தையல் டிசைன்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பிறகு கொலோன், வெனிஸ், பாரிஸ் என்று பல ஊர்களிலும் இத்தகைய புத்தகங்கள் வெளிவந்தன. அதுவரை ஒரு வீட்டு டிசைன் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டுமானால், யாராவது பார்த்துத்தான் பிரதி எடுக்கவேண்டும்.

புத்தகத்திலிருந்து டிசைன் துணிக்கு எப்படிப் போகும்? ரொம்ப சுலபம். கோடுகளின்மேல் ஊசியால் வரிசையாகத் துளை போடுவார்கள். தாளைத் துணிமேல் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளிகள் இறங்கிவிடும். இன்னொரு வழி கட்டம். 1587-இல் பாரிஸில் வெளியான ஃபெடரிகோ வின்சியோலோவின் புத்தகத்தில் பல படங்கள் சதுரக் கட்டங்களாகவே இருந்தன. எண்ணி எண்ணித் தைக்கவேண்டியதுதான். நிரம்பிய கட்டம், காலிக் கட்டம். கம்ப்யூட்டர் திரையின் புள்ளிக் கணக்கும் இதேதானே!

ஆனால் பாருங்கள், நன்றாகப் பயன்பட்ட பிரதிதான் முதலில் அழிந்தது. துளைபட்டு, கிழிந்து, கரிபடிந்து போயிற்று. அதனால் இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

அட்டையில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. 1561-இல் ஸூரிச்சில், மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸுக்கு ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் அக்கலையைக் கற்றுக்கொடுத்துவந்த ஒரு பெண்மணி. 1536-இல் இத்தாலிய வணிகர்கள் மூலம் இந்த வேலை அங்கு வந்தது என்று வருஷம் முதற்கொண்டு குறித்துவைத்தவர், தன் பெயரை மட்டும் 'ஆர். எம்.' என்று இரண்டே எழுத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாமலே போயிற்று. 1595 முதல் தன் டிசைன்களை வெளியிட்ட இசபெல்லா பரசோலே, முழுப்பெயரோடு நிற்கிறார். 1616-இல் ரோமில் வந்த புத்தகத்திலும் அவர் பெயர் உண்டு.

நம் டிராயிங் ஷீட்டின் மூலையில் 'வரைந்தவர்' என்றொரு கட்டம் இருக்குமே, அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் புத்தகங்களை வைத்துத் தைத்த எத்தனையோ ஆயிரம் கைகளுக்கு அந்தக் கட்டம் கிடைக்கவே இல்லை.