களத்துமேடும் வாக்குப் பெட்டியும்



வரலாற்று வகுப்பில் ஒரு நாள் மாணவர் ஒருவர் என்னிடம் வினா ஒன்றை எழுப்பினார். "நாட்டுக்கு நன்மை செய்வதே எல்லாக் கட்சிகளின் நோக்கமானால், இத்தனை கட்சிகள் எதற்கு? நல்ல கட்சி ஒன்று இருந்தால் போதாதா?" என்று கேட்டார். பாடநூலில் உள்ள விடையை அப்பொழுது சொல்லிவைத்தேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. நான் பிறந்த தஞ்சை நாட்டின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தக்க விடை கிடைத்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாயும் அந்நாட்டில் செல்வம் என்பது நெல். அதிகாரம் என்பது நிலம். நிலத்தை அங்கே வேலிக் கணக்கில் அளப்பார்கள். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6⅔ ஏக்கர். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்களாட்சி வளர்ந்த கதையை அதைக் கொண்டே அளந்துவிடலாம்.

சோழர் காலத்துக் குடவோலை முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை வகுத்த விதிகள் கல்லில் இன்றும் உள்ளன. ஓலைகளில் பெயர்களை எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முறை அழகியதுதான். ஆனால் அந்தணர் ஊராகிய அதில் குடத்துக்குள் ஓலை இடம்பெறுவதற்கு, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வியும் வேண்டும். உழுதவன் பெயர் அக்குடத்துள் புகவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு இருந்தது. காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. அந்நியர் ஆட்சியின்கீழ் அமையும் சபை மக்களாட்சி ஆகாது என்பது அதன் வாதம். நீதிக் கட்சி வேறு விதமாகக் கருதியது. யார் ஆளுகிறார்கள் என்பது மட்டும் போதாது. சபையிலும் பதவியிலும் எல்லா வகுப்பினரும் இடம்பெறுகிறார்களா என்பதே கேள்வி என்றது. அக்கட்சியே அமைச்சரவை அமைத்தது. தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். அதே ஜில்லாவின் வேதாரண்யக் கடற்கரையில் 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் தொண்டர்கள் உப்பு அள்ளினர். ஒரே மண்ணில் இரண்டு கட்சிகள், இரண்டு கேள்விகள். இரண்டுமே நேர்மையான கேள்விகள் என்பது என் கருத்து.

மூன்றாவது கேள்வி வயலிலிருந்து எழுந்தது. 1943-இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் பி. சீனிவாச ராவ் முதலிய கம்யூனிஸ்டுகள் விவசாயிகள் சங்கம் கண்டனர். அந்நாளில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. அடிபடுகின்றவனுக்கு மக்களாட்சி எங்கே என்று கேட்டனர் சங்கத்தார். கதிர் அடிக்கும் களத்துமேட்டில் மரக்காலால் நெல்லை அளக்கும்போது, விளைவித்தவனுக்கு எவ்வளவு என்பதே அவர்களுக்கு மக்களாட்சியின் அளவுகோல்.

1952 ஜனவரியில் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத்தேர்தல் நம் பகுதியில் நடைபெற்றது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுகளுக்குக் கதிரும் அரிவாளும். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. எழுத்தறியாத உழவரும் தம் வாழ்வையே அச்சின்னங்களில் கண்டிருப்பர்.

என் பாட்டனார் ஒரு சிறிய மிராசுதார். வாக்குச்சாவடி வரிசையில் அவருக்கு முன்னே அவருடைய பண்ணையாள் நின்றிருந்தார். ஐயாவைக் கண்டதும் அவர் விலகி வழிவிட முனைந்தார். அங்கிருந்த அலுவலர், "உம் முறை வரும்வரை அப்படியே நில்லும்" என்று அவரைத் தடுத்தார். பாட்டனார் காத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து இதனை எனக்குச் சொன்னபோது, "அன்றைக்குத்தான் சுயராஜ்யம் வந்தது என்று எனக்கு விளங்கிற்று, சந்தோஷமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. தேர்தலில் நிற்காத இராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பெற்று முதலமைச்சரானார். அனுபவமும் நிலையான ஆட்சியும் முதன்மை என்றனர் ஒரு சாரார். மக்கள் தேர்ந்தெடுக்காதவர் ஆளுதல் முறையன்று என்றனர் மறுசாரார்.

இதன்பின் நிகழ்ந்ததே நான் உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புவது. கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்த அதே இராஜாஜியின் அரசு, 1952 ஆகஸ்டில், தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர்ச் சட்டசபை அதனைச் சட்டமாக்கிற்று. குத்தகைதாரர்க்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதியாயிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேற்பட நிலமுடையவர்களை அச்சட்டம் கட்டுப்படுத்தியது. கால் வேலி இருந்தால்தான் சபையில் இடம் என்றது அன்றைய விதி. ஒரு வேலிக்கு மேல் இருந்தால் கடமையும் உண்டு என்றது புதிய விதி. 1956-இல் காமராஜர் ஆட்சியில் வந்த நியாய வாரச் சட்டம், நன்செயில் நிலவுடையவர் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்தது. ஒரு கட்சி எழுப்பிய கோரிக்கையை அதன் எதிர்க்கட்சி சட்டமாக்கியது. போட்டி இல்லாதிருந்தால் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா?

போட்டி மேலும் விரிந்தது. தேர்தலில் நிற்பதா என்பதைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1956-இல் திருச்சி மாநாட்டில் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்தது. சமூகச் சீர்திருத்தமே முதல் வேலை என்று பெரியாரின் திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காமல் விலகியே நின்றது. 1959-இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, அரசின் கை உழவனின் நிலத்தில் அளவுக்கு மீறி நீளலாகாது என்றது.

ஆனால் நண்பர்களே, வெற்றிக் கதையாக மட்டும் இதனைச் சொல்லி முடித்தால் நான் உண்மைக்குப் பிழை செய்தவனாவேன். சட்டத்துக்குத் தப்பப் பல மிராசுதார்கள் பண்ணையாட்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தினர். கூலிப் பூசல் முற்றியது. செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகுமாறு தொழிலாளர்கள் வற்புறுத்தப்பட்டனர். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது. மாண்டவர்களுக்கு அது பயன்படவில்லை. அனைவருக்கும் வாக்குரிமை வந்து 16 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இக்கொடுமை. வாக்குப் பெட்டியின் முன் சமமாக நின்றவர்கள், களத்துமேட்டில் சமமாக நிற்க இயலவில்லை.

இனி என் மாணவரின் வினாவுக்கு வருவோம். யார் ஆள்வது, யார் இடம்பெறுவது, விளைவு யாருக்கு, அரசின் எல்லை எது என ஒவ்வொரு கட்சியும் ஒரு கேள்வியைக் கையில் ஏந்தி வந்தது. எல்லாக் கேள்விகளும் ஒரே கட்சியின் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிராளி கேட்டமையால்தான் பிறர் விடை தேடினர். ஆகவே கட்சிகள் பல வேண்டும். ஆனால் பல கட்சிகள் இருப்பது மட்டும் போதாது. ஏழை ஒருவன் தனக்கு விருப்பமான கொடியை அச்சமின்றித் தன் குடிசைமீது ஏற்ற இயல வேண்டும். அது இயலாத ஊரில் மக்களாட்சி வாக்குச்சாவடியோடு நின்றுவிடுகிறது.

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின், ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நிலம் ஒரு குழிகூட இல்லாத பெண்ணும் இன்று ஊராட்சித் தலைவராகலாம். அவர் சொல் ஊரில் செல்லுகிறதா என்பதை, நீங்கள் உங்கள் ஊருக்குச் செல்லும்போது பார்த்து வாருங்கள். வரலாற்றைப் படிப்பதன் பயன் அதுவே.