தாமர்கான் முகாமும் தோட்டத்துக் கூலிகளின் குழிகளும்

தாய்லாந்தில் காஞ்சனபுரி நகரை ஒட்டியுள்ள தாமர்கான் போர்க்கைதி முகாமை உலகம் ஒரு சினிமா வழியாகத்தான் அறியும். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தைச் சொல்கிறோம். அதை எடுத்தது இலங்கையில், கித்துள்கலவில். படத்தில் பாலம் தகர்க்கப்படும். உண்மையில் தாமர்கான் கைதிகள் 1943இல் கட்டி முடித்த இரும்புப் பாலம் குண்டுவீச்சில் சேதமாகி, செப்பனிடப்பட்டு, இன்றும் ரயிலைச் சுமக்கிறது. பாலம் முடிந்தபின் முகாம் நோயாளிக் கைதிகளுக்கான மருத்துவமனை முகாமானது.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம். ஜப்பானிய ராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. இந்த வேலையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இருந்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தத் துன்பத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே பாதையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியக் கூலிகளும் இருந்தார்கள். அவர்களில் செத்தவர்கள் 90,000 என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு. வெறும் மதிப்பீடு, கணக்கு அல்ல.

அந்தக் கூலிகளில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். தஞ்சை, திருச்சி, வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கங்காணி பிடித்து நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய மக்களும், அவர்களின் பிள்ளைகளும். எல்லாரும் நம்மவர் அல்லர். பெரும் பங்கு நம்மவர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். அது எடுபடாத இடத்தில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதி முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாதபோதும் தண்ணீரைக் காய்ச்சி, உப்புக் கலந்து, மூங்கில் குழாய் செதுக்கி நரம்பில் ஏற்றினார்கள். கழிவறை தோண்ட, கொதித்த நீர் தவிர வேறு குடிக்காதே என்று கட்டளையிட ஓர் அதிகாரி இருந்தார். கூலி லயத்தில் இதில் ஒன்றும் இல்லை. ராணுவம் ஒரு அமைப்பு. தோட்டத்திலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பம் அமைப்பு அல்ல. பிணத்தைக் குழியில் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள்.

நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் பெயர்ப் பதிவு. கைதிகள் தங்கள் சாவை ரகசியமாக எழுதி வைத்தார்கள். போர் முடிந்த 1945இலேயே ஒரு தேடல் குழு பாதை நெடுகச் சென்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. அந்த உடல்கள் மூன்று மயானங்களுக்கு மாற்றப்பட்டன. காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் 6,982 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

நம் மக்களுக்கும் பெயர்ப் பதிவேடு இருந்ததே! தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பெயர் ஏறியது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யார் வரவில்லை என்று துரைக்கும் கிராணிக்கும் நன்றாகத் தெரியும். வேலை வாங்க எழுதிய அதே கை, செத்தவனை எழுதவில்லை.

1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்தை எடுத்து நிவாரணம் தரச் சொன்னது. யாருக்கு? போர்க்கைதிகளாக இருந்த படைவீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும். கூலி என்ற சொல் அந்தப் பிரிவில் கிடையாது. மலேசியாவில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நஷ்டஈடு கேட்டு மனு எழுதியிருக்கிறார்கள். மனுவோடு இணைக்க அவர்களிடம் கல்லறை எண் இல்லை.