வைரசும் வாழ்நிலையும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே அமைந்த படுவான்கரையின் வேளாண் வாழ்வு, வறண்ட வலயத்தின் பிற பகுதிகளைப் போன்றே நெடுங்காலம் மலேரியாவோடு பிணைந்திருந்தது. இத்தகைய நோய்களை விதியெனக் கொள்ளும் நோக்கு இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. அதனை மறுக்கப் புற்றுநோயின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது.

1958இல் டெனிஸ் பேர்கிற், உகண்டாவில் சிறுவரின் தாடையில் தோன்றும் புற்றுக்கட்டியை விவரித்தார். 1964இல் எப்ஸ்டீன், அச்சொங், பார் ஆகிய மூவரும் அக்கட்டியின் கலங்களில் ஹேர்பிஸ் குடும்பத்து வைரசு ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். உலகில் வயதுவந்தோருள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதனைச் சுமக்கின்றனர். வெண்குருதிக் கலங்களுள் ஒருவகையில் அது ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது, பெரும்பாலோர்க்குத் தீங்கிழைப்பதில்லை.

அவ்வாறாயின், அப்புற்று வெப்பமண்டல ஆபிரிக்கச் சிறுவரிடையே மிகுந்தது ஏன்? ஓயாத மலேரியா அக்கலங்களைப் பெருகத் தூண்டுகிறது; வைரசை அடக்கிவைக்கும் காவற் கலங்களைத் தளர்த்துகிறது. பெருக்கத்தினிடையே நிறமூர்த்தத் துண்டுகள் முறிந்து இடம்மாறுகையில் புற்றுக்கு வழி பிறக்கிறது.

இலங்கையின் மலேரியா அத்துணை இடையறாத் தீவிரம் கொண்டதன்று. எனினும் அது தரும் படிப்பினை ஒத்ததே. போர் நிகழ்ந்த 1990களில் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியா பெருகிற்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இலவச மருத்துவமும் பொதுச் சுகாதார ஊழியரின் உழைப்புமே இதற்கு அடித்தளமாயின. வைரசு எல்லோர்க்கும் பொது. அது எவரிடம் புற்றாகிறது என்பதை வாழ்நிலையும் பெரிதும் தீர்மானிக்கிறது. வாழ்நிலையோ மாற்றத்தக்கது என்பதே நாம் வற்புறுத்துவது.